பெரிதானால் தெளிவாகுமா?
டெலிகன்வெர்ட்டர் பற்றி ஒரு விமரிசனம்

முழுநிலவு நாளில் காமிராவை வானத்தை நோக்கிப் பிடித்துப் படம் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? கண்ணுக்குத் தாம்பாளம் போலத் தெரிந்த நிலவு, படத்தில் ஒரு வெள்ளைப் பொட்டாகச் சுருங்கிப் போயிருக்கும். காரணம் எளியது. காமிராவுக்குள் விழும் நிலவுப் பிம்பத்தின் விட்டம், லென்ஸின் குவியத்தூரத்தில் ஏறக்குறைய 110-இல் ஒரு பங்குதான். 50 மி.மீ. லென்ஸில் அது அரை மி.மீட்டரைக்கூட எட்டாது, கடுகு அளவும் தேறாது. 300 மி.மீ. தொலைப்பட லென்ஸில் 2.7 மி.மீ. வரும், சிறு மிளகு அளவு எனலாம். இன்னும் பெரிதாக வேண்டுமானால் இன்னும் நீண்ட குவியத்தூரம் வேண்டும். நீண்ட லென்ஸ்களோ எடையிலும் விலையிலும் நம்மை அஞ்ச வைப்பவை.

இந்த இடத்தில்தான் டெலிகன்வெர்ட்டர் நம் எதிரே வந்து நிற்கிறது. காமிராவுக்கும் லென்ஸுக்கும் இடையே பொருத்தும் ஒரு சிறு குழாய் அது. உள்ளங்கையில் அடங்கிவிடும். ‘2 எக்ஸ்’ என்று அதன்மேல் எழுதியிருந்தால், 300 மி.மீ. லென்ஸ் 600 மி.மீ. ஆகிவிடும் என்று பொருள். பெரிய லென்ஸின் விலையில் ஒரு சிறு பங்குதான் இதன் விலை. இப்படி ஒரு வரம் கிடைத்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

சென்ற ஆண்டு என் மாணவர் ஒருவர் வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்தார். கோடை விடுமுறையில் தம் சித்தப்பாவுடன் கல்யாண வீடுகளுக்குப் போய்ப் படம் எடுக்க உதவியதில் கொஞ்சம் பணம் சேர்ந்திருந்தது. பழைய 70–300 மி.மீ. ஜூம் லென்ஸ் ஒன்றும் அவரிடம் இருந்தது.

“சார், 2 எக்ஸ் கன்வெர்ட்டர் போட்டால் என் லென்ஸ் உண்மையிலேயே 600 ஆகிவிடுமா?” என்று கேட்டார்.

“ஆகும்ப்பா. லென்ஸ் சூத்திரம்தான் படித்திருக்கிறாயே, போட்டுப் பார்” என்று சொல்லிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போய்விட்டேன்.

தேர்வில் இந்த விடைக்கு முழு மதிப்பெண் கிடைக்கும். ஆனால் அந்த விடையை நம்பி அவர் சேமிப்பு முழுவதையும் செலவிட்டார். ஒரு மாதம் கழித்துப் படங்களைக் கொண்டுவந்து காட்டினார். நிலவு பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் பஞ்சில் செய்தது போல் இருந்தது. “சார், நீங்கள் சொன்ன மாதிரி 600 ஆகிவிட்டது. ஆனால் பழைய படத்தில் தெரிந்ததுகூட இதில் தெரியவில்லையே?” என்றார்.

தவறு மாணவருடையதன்று, என்னுடையது. அவர் கேட்க நினைத்தது உருப்பெருக்கத்தைப் பற்றி அன்று, தெளிவைப் பற்றி. இரண்டும் ஒன்றல்ல என்பதை அன்றே நான் சொல்லியிருக்க வேண்டும். அன்று சொல்லத் தவறியதை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். டெலிகன்வெர்ட்டர் எதைக் கொடுக்கிறது, எதை எடுத்துக்கொள்கிறது, யாருக்கு அது பயன்படும் என்பனவற்றைச் சற்று நிறுத்துப் பார்ப்போம்.

உள்ளே இருப்பது என்ன?

டெலிகன்வெர்ட்டரில் பல கண்ணாடித் துண்டுகள் இருந்தாலும், அவை எல்லாம் சேர்ந்து ஒரு குழி லென்ஸாகவே வேலை செய்கின்றன. முன்னால் உள்ள லென்ஸ் ஒளிக்கதிர்களைக் குவித்து அனுப்புகிறது. அவை குவியும் இடத்தை அடையுமுன் குழி லென்ஸ் குறுக்கிட்டு, குவியும் வேகத்தைத் தணிக்கிறது. கதிர்கள் சற்றுத் தள்ளிப்போய்க் குவிகின்றன; பிம்பம் பெரிதாகிறது.

இது புதிய கருத்து அன்று. ஆங்கிலேயக் கணித அறிஞர் பீட்டர் பார்லோ 1830-களிலேயே தொலைநோக்கியின் பிம்பத்தைப் பெரிதாக்க இத்தகைய குழி லென்ஸைப் பயன்படுத்தினார். இன்றும் வானியல் ஆர்வலர்கள் அதைப் பார்லோ லென்ஸ் என்றே அழைக்கிறார்கள். 1891-இல் தாமஸ் டால்மேயர் போன்றோர் அமைத்த முதல் தொலைப்பட லென்ஸ்களும் முன்னே குவி லென்ஸ், பின்னே குழி லென்ஸ் என்ற இதே அமைப்பைக் கொண்டவைதான்.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். பள்ளி ஆய்வுக்கூடத்தில் கிடைக்கும் 20 செ.மீ. குவியத்தூரமுள்ள குவி லென்ஸ் ஒன்றும், கிட்டப்பார்வைக்கான ‘மைனஸ் 5’ மூக்குக் கண்ணாடியின் லென்ஸ் ஒன்றும் போதும். பிந்தியதன் குவியத்தூரமும் 20 செ.மீ.தான், ஆனால் அது குழி லென்ஸ். அறையை இருட்டாக்கி, வெளிச்சமான ஒரு சன்னலின் பிம்பத்தைக் குவி லென்ஸால் வெள்ளைத் தாளில் விழச் செய்யுங்கள். சன்னல் தொலைவில் இருந்தால் தாள் லென்ஸிலிருந்து ஏறக்குறைய 20 செ.மீ. தள்ளி இருக்கும். இப்போது குழி லென்ஸைக் குவி லென்ஸுக்குப் பின்னால் 10 செ.மீ. தொலைவில் பிடியுங்கள். பிம்பம் மங்கிக் கலையும். தாளை மெல்லப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டே போங்கள். குவி லென்ஸிலிருந்து ஏறக்குறைய 30 செ.மீ. வந்ததும் பிம்பம் மீண்டும் கூர்மை பெறும். அளந்து பாருங்கள், நீளத்திலும் அகலத்திலும் முன்னைப்போல் இருமடங்கு இருக்கும்.

அளந்ததோடு நின்றுவிடாதீர்கள். அந்தப் பிம்பத்தின் ஒளியையும் கவனியுங்கள். முன்பு பளிச்சென்று இருந்த சன்னல் இப்போது மங்கலாக இருக்கும். டெலிகன்வெர்ட்டர் வசூலிக்கும் விலை இந்தத் தாளிலேயே தெரிகிறது.

ஒளிக் கணக்கு

பிம்பத்தின் நீளம் இருமடங்கு, அகலம் இருமடங்கு. எனவே பரப்பு நான்கு மடங்கு. முன்னால் உள்ள லென்ஸ் வாங்கித் தரும் ஒளியோ முன்பிருந்த அளவுதான். அதே ஒளி நான்கு மடங்கு பரப்பில் பரவினால், ஒவ்வோர் இடத்திற்கும் கால் பங்குதான் கிடைக்கும். 1.4 எக்ஸ் கன்வெர்ட்டரில் பரப்பு இருமடங்காகிறது; ஒளி பாதியாகிறது. காமிராக்காரர்கள் இதை முறையே ‘இரண்டு ஸ்டாப்’, ‘ஒரு ஸ்டாப்’ இழப்பு என்பார்கள்.

எஃப் எண் என்பது குவியத்தூரத்தை ஒளித்துளையின் விட்டத்தால் வகுத்துக் கிடைப்பது. குவியத்தூரம் இருமடங்காகும்போது எஃப் எண்ணும் இருமடங்காகும். மாணவரின் ஜூம் லென்ஸ் 300 மி.மீ. முனையில் எஃப்/5.6. கன்வெர்ட்டர் சேர்ந்ததும் அது 600 மி.மீ., எஃப்/11.

இதனால் விளையும் தொல்லையை நிலவைக் கொண்டே கணக்கிடலாம். முழுநிலவைப் படம் எடுக்கக் காமிராக்காரர்களிடையே பழைய வாய்பாடு ஒன்று உண்டு. எஃப்/11, ஐ.எஸ்.ஓ. 100 என்று வைத்தால் ஷட்டர் நேரம் நொடியில் 100-இல் ஒரு பங்கு. எஃப்/5.6-இல் ஒளி நான்கு மடங்கு அதிகம். எனவே 400-இல் ஒரு பங்கு போதும். கையில் பிடித்து எடுப்போருக்கு இன்னொரு வாய்பாடும் உண்டு. ஷட்டர் நேரம், குவியத்தூர எண்ணில் ஒரு பங்கைவிட மிகக்கூடாது. சிறிய சென்சார் உள்ள காமிராவில் அந்த எண்ணை ஒன்றரையால் பெருக்கிக்கொள்ள வேண்டும். 300 மி.மீ. லென்ஸுக்கு அது 450-இல் ஒரு பங்கு. கன்வெர்ட்டர் இல்லாதபோது நமக்குக் கிடைப்பது 400-இல் ஒரு பங்கு. கிட்டத்தட்டச் சரி.

கன்வெர்ட்டரைப் பொருத்தியதும் என்ன ஆகிறது? வேண்டியது 900-இல் ஒரு பங்கு. கிடைப்பதோ 100-இல் ஒரு பங்கு. ஒரு பக்கம் ஒளி கால் பங்காகிவிட்டது. மறுபக்கம் கையின் நடுக்கம் பிம்பத்தில் இருமடங்காகத் தெரிகிறது. ஆக மொத்தத்தில் நிலைமை எட்டு மடங்கு மோசம். ஐ.எஸ்.ஓ.வை 800-க்கு உயர்த்தி ஷட்டரை மீட்டுக்கொள்ளலாம். ஆனால் அப்போது ஒவ்வொரு பிக்சலுக்கும் கிடைக்கும் ஒளி மிகவும் குறைந்து, படம் மணல் தூவியது போல் ஆகும்.

மாணவரின் படங்களைப் பார்த்ததும் அவருடைய சித்தப்பா ஒரே வார்த்தையில் சொன்னாராம்: “ஷேக் ஆகியிருக்கு.” சூத்திரம் எதுவும் படிக்காத அவர் சொன்னது முற்றிலும் சரி.

குவியப்படுத்துவதிலும் சிக்கல் உண்டு. கண்ணாடி மடிந்து எழும் பழைய வகை எஸ்.எல்.ஆர். காமிராக்களில், தானியங்கிக் குவியமைப்பு லென்ஸின் இரு ஓரங்களிலிருந்து வரும் கதிர்களை ஒப்பிட்டு வேலை செய்கிறது. எஃப் எண் மிகுந்துவிட்டால் அந்த ஓரக் கதிர்கள் அதற்கு வந்து சேருவதில்லை. அக்காமிராக்களில் பெரும்பாலானவை எஃப்/5.6 வரையிலும், சில எஃப்/8 வரையிலும் இயங்குபவை. எஃப்/11-இல் மோட்டார் முன்னும் பின்னும் ஓடித் தேடிக்கொண்டே இருக்கும். கண்ணாடி இல்லாத புதிய வகைக் காமிராக்கள் சென்சாரிலேயே இந்த வேலையைச் செய்வதால் மங்கிய ஒளியிலும் சமாளிக்கின்றன. நம் மாணவரிடம் இருந்தது பழைய வகை.

விவரக் கணக்கு

“சரி, காமிராவை டிரைபாட் மீது வைத்துவிடுகிறேன், கையால் பொறுமையாகக் குவியப்படுத்துகிறேன். அப்போதாவது 600 மி.மீ. லென்ஸ் காட்டுவதை இது காட்டுமா?” என்று நீங்கள் கேட்கலாம். விமரிசனத்தின் மையம் இந்த வினாவில்தான் உள்ளது.

ஒளி ஓர் அலை. அது வட்டமான துளை வழியே செல்லும்போது விளிம்பு விளைவு அடைகிறது. ஆகையால் எவ்வளவு நல்ல லென்ஸானாலும், ஒரு விண்மீனின் பிம்பம் புள்ளியாக இராது. ஒரு சிறு வட்டாக இருக்கும். இவ்வட்டினை 1835-இல் ஜார்ஜ் ஏரி கணக்கிட்டுக் காட்டினார். இரு புள்ளிகள் எவ்வளவு நெருங்கும்வரை அவற்றைத் தனித்தனியே பிரித்தறியலாம் என்ற அளவுகோலை ராலே 1879-இல் தந்தார். 1.22-ஐ ஒளியின் அலைநீளத்தால் பெருக்கி, ஒளித்துளையின் விட்டத்தால் வகுத்தால் அந்தக் கோணம் கிடைக்கும்.

இச்சூத்திரத்தை இன்னொரு முறை பாருங்கள். அலைநீளம் இருக்கிறது; துளையின் விட்டம் இருக்கிறது. குவியத்தூரம் இதில் இல்லவே இல்லை! டெலிகன்வெர்ட்டர் மாற்றுவது குவியத்தூரத்தை மட்டும்தான். துளையின் விட்டத்தில் ஓர் இழையளவும் அது கூட்டுவதில்லை. ஆகவே லென்ஸின் பிரிதிறன், கன்வெர்ட்டர் போடுவதற்கு முன் எதுவோ அதுவே போட்ட பின்னும்.

300 மி.மீ., எஃப்/5.6 என்றால் துளையின் விட்டம் 54 மி.மீ. பச்சை ஒளியின் அலைநீளத்தை 0.55 மைக்ரான் என்று கொண்டால், நிலவில் ஏறக்குறைய 5 கி.மீ. இடைவெளியுள்ள இரு புள்ளிகளை இந்தத் துளை பிரித்துக் காட்டும். அதே எஃப்/5.6 அளவுள்ள உண்மையான 600 மி.மீ. லென்ஸின் துளை 107 மி.மீ.; அது அதில் பாதி இடைவெளியைக்கூடப் பிரிக்கும். கன்வெர்ட்டரால் உருவான 600-க்கு அந்த ஆற்றல் கிடையாது. எண் ஒன்றானாலும் பொருள் ஒன்றல்ல.

அப்படியானால் டெலிகன்வெர்ட்டர் வெறும் ஏமாற்று வித்தைதானா? அவசரப்பட வேண்டாம். படத்தைப் பதிவு செய்யும் சென்சாரையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மாணவரின் காமிரா 24 மெகாபிக்சல் கொண்டது; சென்சாரின் அகலம் 23.5 மி.மீ. அந்த அகலத்தில் 6000 பிக்சல்கள் அடங்கியிருப்பதால் ஒரு பிக்சலின் அகலம் ஏறக்குறைய 4 மைக்ரான். ஏரி வட்டின் விட்டமோ எஃப் எண்ணைப் பொறுத்தது. எஃப்/2.8-இல் 3.8 மைக்ரான், எஃப்/5.6-இல் 7.5 மைக்ரான், எஃப்/11-இல் 15 மைக்ரான்.

எஃப்/2.8 லென்ஸில் ஏரி வட்டு முழுவதும் ஒரே பிக்சலுக்குள் அடங்கிவிடுகிறது. லென்ஸ் கொண்டுவந்து கொடுத்த நுட்பத்தைப் பிக்சல் விழுங்கிவிடுகிறது என்று பொருள். இங்கே 2 எக்ஸ் கன்வெர்ட்டரைப் போட்டால் வட்டு இரண்டு பிக்சல் அளவுக்கு விரியும். முன்பு விழுங்கப்பட்ட நுட்பம் வெளிப்படும். இது உண்மையான ஆதாயம்.

எஃப்/5.6 லென்ஸில் வட்டு ஏற்கெனவே இரண்டு பிக்சலை நிரப்பி நிற்கிறது. கன்வெர்ட்டர் அதை நான்கு பிக்சலாக்கும். கோட்பாட்டின்படி இங்கும் சிறிதளவு நுட்பம் மீதம் இருக்கவே செய்யும். ஆனால் அது மிகவும் வெளிறிய நுட்பம். லென்ஸின் குறைகள், காற்றின் அசைவு, காமிராவின் அதிர்வு ஆகியவை அதைத் தின்று தீர்த்துவிடும். எஞ்சுவது மங்கலின் பெரிய வடிவம்தான்.

நுண்ணோக்கியில் இதே பாடத்தை நீங்கள் படித்திருப்பீர்கள். எர்ன்ஸ்ட் அபே 1873-இல் நுண்ணோக்கியின் பிரிதிறனுக்கு ஓர் எல்லை உண்டு என்று காட்டினார். அந்த எல்லைக்கு மேல் கண்ணருகு லென்ஸை மாற்றி மாற்றி உருப்பெருக்கத்தைக் கூட்டுவதால் புதிதாக எதுவும் தெரியாது. அதனை வெற்று உருப்பெருக்கம் என்கிறோம்.

மாடியில் எடுத்த நான்கு படங்கள்

கணக்கைச் சொல்லிவிட்டால் மட்டும் போதாது என்று தோன்றியது. மாணவரிடம் பட்ட கடன் வேறு. அவருடைய சித்தப்பா கல்யாண மண்டபங்களில் பயன்படுத்தும் 70–200 மி.மீ., எஃப்/2.8 ஜூம் லென்ஸை ஓர் இரவுக்கு இரவல் கேட்டோம். “லென்ஸ் பத்திரம், சார். முகூர்த்த நாள் வருது” என்று சொல்லிக் கொடுத்தார். காமிராவின் மவுண்ட் ஒன்றே என்பதால் அதே கன்வெர்ட்டர் அதற்கும் பொருந்தியது.

வளர்பிறை எட்டாம் நாள். நிலவின் ஒளிப்பகுதியும் இருட்பகுதியும் சந்திக்கும் கோட்டருகே பள்ளங்களின் நிழல்கள் நீண்டு விழும் நாள். கல்லூரி மாடியில் காமிராவை டிரைபாட் மீது நிறுத்தினோம். கைபட்டு அசையாதபடி, ஷட்டரைத் தானியங்கி நேரக்கருவியால் இயக்கினோம். 300 மி.மீ. லென்ஸ் தனியாக ஒரு படம். கன்வெர்ட்டருடன் ஒரு படம். பிறகு 200 மி.மீ. லென்ஸ் தனியாக ஒன்று, கன்வெர்ட்டருடன் ஒன்று. தனியாக எடுத்த படங்களைக் கணினியில் இருமடங்காகப் பெரிதாக்கி, கன்வெர்ட்டர் படங்களின் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒப்பிட இதுவே நேர்மையான முறை. பெரிதாக்காத படத்தோடு ஒப்பிட்டால் கன்வெர்ட்டர் எப்போதும் வெற்றி பெற்றதாகவே தோன்றும்.

முதல் இணையில் எங்களால் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. கன்வெர்ட்டர் படத்தில் கூடுதலாக ஒரு பள்ளம்கூடத் தெரியவில்லை. நிலவின் விளிம்பில் ஊதா நிறக் கரை ஒன்று மட்டும் கூடுதலாக வந்திருந்தது. இரண்டாம் இணையில் வித்தியாசம் பார்த்தவுடனே தெரிந்தது. தனி லென்ஸ் படத்தில் வெறும் புள்ளிகளாக இருந்த சிறு பள்ளங்கள், கன்வெர்ட்டர் படத்தில் விளிம்பும் நிழலுமாகத் தெரிந்தன.

மாணவர் இன்னொன்றையும் கண்டுபிடித்தார். கன்வெர்ட்டருடன் எடுத்த இரு படங்களில் 400 மி.மீ. படம், 600 மி.மீ. படத்தைவிட அதிக விவரத்தைக் காட்டியது. நிலவு அதில் சிறியது, ஆனால் தெளிவானது. 200-ஐ 2.8-ஆல் வகுத்துப் பாருங்கள்: துளையின் விட்டம் 71 மி.மீ. மாணவரின் லென்ஸில் 54 மி.மீ. பெரிய துளையும் நல்ல கண்ணாடியும் நீண்ட குவியத்தூரத்தை வென்றுவிட்டன. கன்வெர்ட்டர் ஒன்றுதான், மாறியது அதற்கு முன்னால் இருந்த லென்ஸ்.

ஜூம் லென்ஸ்களின் தனிச் சிக்கல்

எல்லா லென்ஸ்களுக்கும் பொதுவான இந்தக் குறைகளுடன், ஜூம் லென்ஸ்களுக்கென்று சில தனிக் குறைகளும் உண்டு. பல குவியத்தூரங்களுக்கும் ஈடுகொடுக்க வேண்டியிருப்பதால், ஜூம் லென்ஸ் ஏதேனும் ஒரு முனையில் விட்டுக்கொடுத்தாக வேண்டும். விலை குறைந்த தொலைப்பட ஜூம்கள் பெரும்பாலும் நீண்ட முனையில்தான் விட்டுக்கொடுக்கின்றன. எஃப் எண்ணும் அங்கேதான் மிகுதி. கூர்மையும் அங்கேதான் குறைவு. கன்வெர்ட்டர் வாங்குவோர் அதைப் பயன்படுத்தப் போவதும் அந்த முனையிலேதான்! லென்ஸின் நிறப்பிறழ்ச்சி, கோளப்பிறழ்ச்சி ஆகிய குறைகள் எல்லாம் பிம்பத்தோடு சேர்ந்து இருமடங்காகின்றன. கன்வெர்ட்டரின் சொந்தக் குறைகளும் அவற்றோடு சேர்கின்றன.

பொருத்தத்திலும் தடைகள் உண்டு. சில கன்வெர்ட்டர்களின் முன்பகுதி லென்ஸின் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். ஜூமின் குறுகிய முனையில் லென்ஸின் கடைசிக் கண்ணாடி பின்னால் வந்து அதில் இடித்துவிடக் கூடும். 2020-இல் வெளிவந்த கேனன் ஆர்.எஃப். 100–500 மி.மீ. லென்ஸ் உயர்ந்த தரமுடையதுதான். ஆயினும் அதில் கன்வெர்ட்டரைப் பொருத்தினால் 300 முதல் 500 வரைதான் ஜூம் செய்ய இயலும். 2 எக்ஸ் பொருத்தினால் நீண்ட முனையில் எஃப்/14 ஆகிவிடும்.

லென்ஸ் செய்வோரே இதில் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்கிறார்கள் பாருங்கள். கேனன் நிறுவனம் 2013-இல் 200–400 மி.மீ. ஜூம் ஒன்றிலும், நிக்கான் நிறுவனம் 2018-இல் 180–400 மி.மீ. ஜூம் ஒன்றிலும் டெலிகன்வெர்ட்டரை உள்ளேயே அமைத்தன. இரண்டும் எஃப்/4 லென்ஸ்கள். இரண்டிலும் உள்ளே வைத்தது 1.4 எக்ஸ்; 2 எக்ஸ் அன்று. தம் லென்ஸுக்கென்றே பார்த்துப் பார்த்துச் செய்தவர்கள், ஒரு ஸ்டாப் இழப்போடு நிறுத்திக்கொண்டார்கள். எஃப்/5.6 ஜூமில் 2 எக்ஸை மாட்டும் நாம் அவர்களைவிடத் துணிச்சல்காரர்கள்தாம்!

நிறைகளையும் சொல்ல வேண்டும்

குறைகளை மட்டும் அடுக்குவது விமரிசனம் ஆகாது. டெலிகன்வெர்ட்டருக்கு உண்மையான நிறைகள் உண்டு.

முதலாவது, எடை. எஃப்/2.8 அல்லது எஃப்/4 அளவுள்ள நல்ல லென்ஸ் ஏற்கெனவே கையில் இருந்தால், இன்னொரு பெரிய லென்ஸைச் சுமக்காமல் ஒரு சிறு குழாயால் எல்லையை நீட்டிக்கொள்ளலாம்.

இரண்டாவது, லென்ஸ் எவ்வளவு அருகில் குவியப்படுத்த வல்லதோ, அந்தத் தொலைவு கன்வெர்ட்டரால் மாறுவதில்லை. ஒன்றரை மீட்டரில் குவியும் லென்ஸ், கன்வெர்ட்டருடனும் ஒன்றரை மீட்டரிலேயே குவியும். பிம்பம் மட்டும் இருமடங்காகும். நல்ல வெயிலில் தும்பியையும் வண்ணத்துப்பூச்சியையும் அருகே போய்க் கலைக்காமல் எடுக்க இது உதவும்.

மூன்றாவது, பறவைகளிடமிருந்து விலகி நிற்கும் வசதி. வேடந்தாங்கலில் நாரைகள் ஏரிக்குள் உள்ள மரங்களில் கூடு கட்டுகின்றன. நாம் கரையில் நின்றுதான் பார்க்க வேண்டும். அங்கே ‘கொஞ்சம் கிட்டே போய் எடு’ என்ற அறிவுரை பயன்படாது. கூடுகளை நெருங்கவும் கூடாது. நல்ல லென்ஸுடன் 1.4 எக்ஸ் சேர்வது அங்கே நியாயமான தேர்வு. ஆனால் சிறகடிக்கும் பறவைக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி வேண்டும். டிரைபாட் நம் நடுக்கத்தைத்தான் நிறுத்தும். பறவையின் சிறகை நிறுத்தாது. உச்சி வெயிலில் நீர்மேல் துடிக்கும் காற்றின் கானலையும் கன்வெர்ட்டர் இருமடங்காக்கிக் காட்டும். ஆகவே வெயில் ஏறாத, ஆனால் நல்ல வெளிச்சமுள்ள காலை நேரமே அதற்கு ஏற்றது.

முடிவாக

டெலிகன்வெர்ட்டர் வாங்க நினைக்கும் நண்பர்கள் தம்மையே மூன்று வினாக்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். என் லென்ஸ், நான் பயன்படுத்தப் போகும் முனையில், எஃப்/4 அல்லது அதற்கும் குறைந்த எண் உடையதா? கன்வெர்ட்டர் இல்லாமல் எடுத்த படத்தைக் கணினியில் இருமடங்காக்கினால், அது இன்னும் கூர்மையாக இருக்கிறதா? பாதி அல்லது கால் பங்கு ஒளியோடு நான் எடுக்க விரும்பும் பொருளை எடுக்க முடியுமா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்ற விடை வந்தால் வாங்கலாம், அப்போதும் 1.4 எக்ஸிலிருந்து தொடங்குவதே நல்லது. இரண்டாவது வினாவுக்கு ‘இல்லை’ என்று வந்தால் பணத்தைப் பையிலேயே வைத்திருங்கள். கணினி இலவசமாகச் செய்யும் வேலையை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. அந்தப் பணத்தில் உறுதியான ஒரு டிரைபாட் வாங்கினால், இருக்கிற லென்ஸே இன்னும் நன்றாக வேலை செய்யும்.

நம் மாணவர் கன்வெர்ட்டரை விற்கவில்லை. முகூர்த்தம் இல்லாத நாட்களில் சித்தப்பாவின் லென்ஸோடு சேர்த்துப் பயன்படுத்துகிறார். தம் சொந்த லென்ஸில் அதை மாட்டுவதை நிறுத்திவிட்டார்.

நானும் ஒன்றை மாற்றிக்கொண்டேன். நம் பாடத்திட்டத்தில் லென்ஸும் உருப்பெருக்கமும் ஒரு பாடத்தில் வருகின்றன. விளிம்பு விளைவும் பிரிதிறனும் வேறொரு பாடத்தில் வருகின்றன. முதல் பாடத்தில் மாணவர் பெரிதாக்கக் கற்கிறார். இரண்டாவதில், பெரிதாக்குவதற்கு எல்லை உண்டு என்று கற்கிறார். இரண்டும் ஒரே காமிராவுக்குள் நடப்பவை என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை. நானும் சொன்னதில்லை. இப்போது லென்ஸ் கணக்கு கொடுக்கும்போது, ‘பிம்பம் எத்தனை மடங்கு பெரிதாகும்?’ என்ற வினாவுக்குக் கீழே இன்னொரு வினாவையும் சேர்த்துவிடுகிறேன்: ‘அதில் முன்பு தெரியாத எது புதிதாகத் தெரியும்?’

நீங்களும் அடுத்த வளர்பிறையில், கையில் உள்ள லென்ஸைக் கொண்டு, இந்த இரண்டாவது வினாவுக்கு விடை தேடிப் பாருங்கள்.